தேன்மொழிக்கு: சாவி யாரிடம் இருந்தது என்று கேள்

அன்புள்ள தேன்மொழி,

நீ அனுப்பிய குறிப்பை இரண்டு தடவை படித்தேன். வாசிப்பு வட்டத்தில் பாலஸ்தீனப் பெண்கள் இயக்கம் பற்றி இரண்டு மணி நேரம் பேச ஏழு பக்கம் தாராளம். ஆனால் முதல் வரியிலேயே இடறியிருக்கிறாய். "1987ல் பாலஸ்தீனப் பெண்கள் வீதிக்கு வந்தார்கள்" என்கிறாய். அவர்கள் வீதிக்கு வந்து அப்போதே ஏறக்குறைய அறுபது வருஷம் ஆகியிருந்தது.

இன்னொரு குறை, பக்கத்துக்குப் பக்கம் முகங்களாக இருக்கின்றன. துப்பாக்கியோடு, விமானம் கடத்திய லைலா காலித், கல்லெறியும் பெண், மகனை இழந்து அழும் தாய். படங்களை எடுத்துவிடு என்று சொல்லவில்லை, பின்னால் தள்ளு. முகத்தைப் பார்த்தால் துணிச்சல் தெரியும், அமைப்பு தெரியாது. ஒவ்வொரு காலத்தையும் மூன்று கேள்வி கேட்டுப் பிரித்துப் பார். எங்கே கூடினார்கள்? பணம் யாருடையது? அந்தக் கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனால் வேலை நிற்குமா, நிற்காதா?

1903லேயே அக்கா நகரில் ஆர்தடாக்ஸ் கிறிஸ்தவப் பெண்களின் சங்கம் ஒன்று இருந்தது. ஏழைகளுக்கு உதவி, பெண் பிள்ளைகளின் படிப்பு, அவ்வளவுதான் அதன் வேலை. அதை ஒரு வரியில் சொல்லிவிட்டு நேராக 1929க்கு வா. அந்த ஆகஸ்டில் ஜெருசலேமின் மேற்குச் சுவர் தகராறில் பற்றிய கலவரத்தில் யூதர்களும் அரபுகளுமாக இருநூறுக்கு மேல் செத்தார்கள். அப்போது பாலஸ்தீனத்தை ஆண்ட பிரிட்டிஷ் நிர்வாகம் கைதும் தண்டனையுமாக இறங்கியது. அக்டோபர் 26 அன்று ஜெருசலேமில் தாரப் அப்துல் ஹாதியின் வீட்டில் இருநூறுக்கும் மேற்பட்ட பெண்கள் கூடினார்கள். முதல் பாலஸ்தீன அரபுப் பெண்கள் மாநாடு அதுதான். பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தேசிய இல்லம் அமைய ஆதரவு தருவதாகப் பிரிட்டன் சொன்ன பால்ஃபர் பிரகடனத்தை ரத்து செய், யூதக் குடியேற்றத்தை நிறுத்து, கைதிகளை மரியாதையாக நடத்து என்று தீர்மானம் போட்டார்கள். ஒரு குழு உயர் ஆணையர் ஜான் சான்சலரைப் பார்க்கப் போனது.

இங்கே கொஞ்சம் நின்று சொல். சான்சலர் காபி கொடுத்தார், பெண்கள் தொடவில்லை. நம் ஆட்கள் இதைக் கோபம் என்று நினைத்துக்கொள்வார்கள். அரபு வழக்கத்தில் கேட்க வந்தது கிடைக்கிறவரை விருந்தாளி காபியைத் தொடாமல் வைப்பது ஒரு பேச்சு. வாயைத் திறக்காமலே "கோரிக்கை அப்படியே நிற்கிறது" என்று சொல்லிவிட்டார்கள். அடுத்தது ஊர்வலம். பெண்கள் தெருவில் நடந்து போவதை நிர்வாகம் அனுமதிக்கவில்லை. சரி, நடக்கவில்லை என்று எண்பதுக்கு மேற்பட்ட கார்களில் ஏறி, வரிசையாக நகரத்தைச் சுற்றி, ஒவ்வொரு வெளிநாட்டுத் துணைத் தூதரகத்தின் வாசலிலும் நிறுத்தினார்கள். தடையும் மீறப்படவில்லை, ஊர்வலமும் நடந்துவிட்டது. பிரிட்டிஷாருக்கு இருந்த சங்கடம், கௌரவமான வீட்டுப் பெண்கள் மேல் போலீஸ் கை வைத்தால் ஊர் முழுக்கத் தீப்பிடிக்கும் என்பது. பெண்கள் அதைத் தெரிந்துதான் காய் நகர்த்தினார்கள். முதல் உலகப் போரில் ஜெருசலேமைப் பிடித்த பிரிட்டிஷ் தளபதி ஆலன்பி 1933 ஏப்ரலில் அங்கே வந்தபோது இன்னும் ஒரு படி மேலே போனார்கள். கிறிஸ்தவரான மத்தீல் முகன்னம் மசூதியில் பேசினார், முஸ்லிமான தாரப் அப்துல் ஹாதி கிறிஸ்துவின் கல்லறைத் தேவாலயத்தில் பேசினார்.

இப்போது மூன்று கேள்வியைப் போடு. கூடியது பெரிய வீடுகளில். பணம் குடும்பத்துப் பணம். வந்தவர்கள் வக்கீல், நிலக்கிழார், அரசியல் தலைவர்கள் வீட்டுப் பெண்கள். எண்பது கார் சேர்க்க முடிந்தது என்பதிலேயே அது தெரிகிறது. கிராமத்துப் பெண் அந்த வரிசையில் இல்லை.

அவள் 1936ல் வருகிறாள். மாநாட்டு மேடை வழியாக வரவில்லை. ஆறு மாதப் பொது வேலைநிறுத்தமும் பிறகு 1939 வரை நீண்ட கிளர்ச்சியும் கிராமங்களை நம்பித்தான் நடந்தன. மலையில் ஒளிந்திருந்தவர்களுக்குச் சாப்பாடு, தண்ணீர், செய்தி, உடைக்குள் மறைத்த தோட்டா எல்லாம் பெண்கள் கையால் போயின. தண்டனையும் அவர்கள் தலையில்தான் விழுந்தது. பிரிட்டிஷ் சிப்பாய்கள் வீடு சோதனை போடும்போது சேமித்து வைத்த மாவையும் தானியத்தையும் கொட்டி அதன்மேல் ஆலிவ் எண்ணெயை ஊற்றிக் கலந்துவிடுவார்கள். ஒரு வருஷச் சாப்பாடு ஒரே மணி நேரத்தில் குப்பை. சமையலறையைக் குறிவைத்த தண்டனை இது. ஆகவே "ஆண்கள் போராடினார்கள், பெண்கள் துணை நின்றார்கள்" என்று உன் மூன்றாம் பக்கத்தில் இருக்கும் வரியை அடித்துவிடு. நகரத்திலிருந்து ஒரு பெயர் சொல்ல வேண்டுமென்றால் ஹைஃபாவின் சாதிஜ் நஸ்ஸாரைச் சொல். 'அல் கர்மில்' பத்திரிகையில் எழுதியவர். 1939ல் அவரைப் பிடித்து விசாரணை இல்லாமல் ஏறக்குறைய ஒரு வருஷம் சிறையில் வைத்தார்கள். விசாரணையற்ற காவல் என்ற அந்தப் பிரிட்டிஷ் அவசரச் சட்டம் பிறகு இஸ்ரேலின் கைக்கும் போனது.

1948 நக்பா, அதாவது பேரழிவு. இஸ்ரேல் உருவான போரில் ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட பாலஸ்தீனர்கள் ஊரை இழந்தார்கள். சங்கங்களின் உறுப்பினர்களே அகதிகள். அரசியல் தீர்மானம் போட்டவர்கள் கம்பளியும் பாலும் பங்கு வைக்க உட்கார்ந்தார்கள். இதைப் பின்வாங்கல் என்று எழுதுகிறவர்கள் உண்டு, எனக்கு அது ஒப்புதல் இல்லை. ஜெருசலேமுக்கு அருகே தேர் யாசீன் கிராமத்தில் நடந்த படுகொலையில் பெற்றோரை இழந்த 55 குழந்தைகளைப் பழைய ஜெருசலேமின் தெருவில் கண்டு அழைத்துப் போனார் ஹிந்த் அல் ஹுசைனி. அந்த அடைக்கலம் 'தார் அத்திஃப்ல்' என்ற இல்லமாகவும் பள்ளிக்கூடமாகவும் வளர்ந்தது. 1965ல் அல் பிரே ஊரில் ஒரு கார் கொட்டகையில் சமீஹா கலீல் 'இன்ஆஷ் அல் உஸ்ரா' சங்கத்தைத் தொடங்கினார். குடும்பத்தை நிமிர்த்துவது என்று பொருள். அதன் ஏற்பாடு எளியது. துணியும் நூலும் சங்கம் கொடுக்கும், பெண் வீட்டில் உட்கார்ந்து தத்ரீஸ் எம்பிராய்டரி போடுவாள், முடித்த துண்டைச் சங்கமே கூலி கொடுத்து வாங்கிக்கொள்ளும். கைதியின் மனைவி யாரிடமும் கை ஏந்த வேண்டியதில்லை. 1974 முதல் நாட்டார் வழக்காற்றுக்கு ஒரு இதழும் நடத்தினார்கள். ஊரே போன பிறகு ஊரின் தையல் மாதிரியையும் பாட்டையும் குறித்து வைப்பது அரசியல் இல்லையா என்ன?

சமீஹாவை எல்லோரும் உம்மு கலீல் என்பார்கள், கலீலின் தாய். மூத்த மகன் பெயரோடு சேர்த்துத் தாயை அழைப்பது அங்கே மரியாதை. உன் குறிப்பில் 'உம்' என்பதை முதல் பெயர் என்று நினைத்துவிட்டாய், திருத்து.

அதே 1965ல் ஜெருசலேமில் பாலஸ்தீனப் பெண்களின் பொதுச் சங்கம் பிறந்தது, நாப்லுஸ்காரரான இஸாம் அப்துல் ஹாதி தலைமையில். 1969ல் இஸ்ரேல் அவரை நாடுகடத்தியது. அந்தச் சங்கம் பிறகு பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்தே இயங்கியது.

உன் பேச்சின் நடுப்பகுதிக்கு வருகிறேன். இங்கே அவசரப்படாதே. 1967ல் மேற்குக் கரையும் காஸாவும் இஸ்ரேலிய ராணுவத்தின் கீழ் வந்தன. அந்த ஆகஸ்டிலேயே ராணுவ ஆணை 101 வந்தது. அரசியல் காரணத்துக்காகப் பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் கூடினால் ராணுவத் தளபதியின் அனுமதி வேண்டும். கொடி பிடிக்க, அரசியல் நோட்டீஸ் அச்சடிக்கவும் அப்படியே. பத்து என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள். தையல் வகுப்புக்கும் பால்வாடிக்கும் ஏன் அத்தனை முக்கியம் வந்தது என்பது புரியும்.

1978 மார்ச் 8 அன்று ராமல்லாவில் பெண்கள் உழைப்புக் குழு தொடங்கியது. பிற்காலத்தில் அமைச்சரான ஸஹீரா கமால் அதில் முக்கியமானவர். பழைய தர்ம சங்கங்கள், 1967க்கு முன் மேற்குக் கரையை ஆண்ட ஜோர்டானின் சட்டப்படி பதிவு செய்தவை. பதிவு என்றால் முகவரி உண்டு, நிர்வாகிகள் பட்டியல் உண்டு, கணக்குப் புத்தகம் உண்டு. ராணுவம் ஒரே உத்தரவில் பூட்டிவிடலாம். புதிய குழுக்கள் அந்த வழிக்கே போகவில்லை. ஊருக்கு ஒரு அடிக்குழு, வாடகை அறையோ யாராவது ஒருத்தி வீடோ, உறுப்பினர் கொடுக்கும் சிறு சந்தா, அவர்களே தேர்ந்தெடுத்த பொறுப்பாளர்கள். ஒரு அறையை மூடினால் அடுத்த தெருவில் திறந்துகொள்ளலாம். அவர்கள் கொள்கை விளக்கத்தோடு கதவைத் தட்டவில்லை என்பதையும் கவனி. இஸ்ரேலியத் தொழிற்சாலைகளில் கூலிக்குப் போன பெண்ணுக்குக் குழந்தையை விட இடம் இல்லை, ஆகவே பால்வாடி. கையெழுத்துப் போடத் தெரியவில்லை, ஆகவே எழுத்தறிவு வகுப்பு. அரசியல் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தது.

எது கெட்டது என்றும் சொல்ல வேண்டும். 1980களின் தொடக்கத்துக்குள் அந்த ஒரு குழு நான்காகிவிட்டது. ஜனநாயக முன்னணி, கம்யூனிஸ்ட் கட்சி, மக்கள் முன்னணி, ஃபத்தா என்று பாலஸ்தீனக் கட்சிகள் நான்குக்கும் ஆளுக்கு ஒன்று. ஒரே கிராமத்தில் இரண்டு பால்வாடி, இரண்டிலும் பாதிப் பிள்ளைகள். பெண்களுக்குள் கருத்து வேறுபாடு முற்றி வந்த பிளவு என்பதைவிட, கட்சிகளின் கோட்டை அப்படியே நகலெடுத்தது என்பதுதான் சரி. பரவலுக்கு அது உதவியது என்பதும் உண்மை. போட்டி போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். ஆனால் கட்சி தளர்ந்த அன்று குழுவும் தளரும்படி கட்டியிருந்தார்கள்.

1987 டிசம்பர் 9 அன்று காஸாவின் ஜபாலியாவில் இன்டிபாதா என்ற மக்கள் எழுச்சி வெடித்தபோது இந்த வலை தயாராக இருந்தது. உன் முதல் வரியை இங்கே கொண்டு வந்து இப்படி மாற்று: பத்து வருஷம் பால்வாடி நடத்திய கைகள் ஒரு வாரத்தில் தெருக் கமிட்டிகளாயின. யார் வீட்டில் மருந்து இருக்கிறது, யார் வீட்டில் ஆண் இல்லை, யாருக்கு ஊசி போடத் தெரியும் என்பதெல்லாம் அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். ராணுவம் பள்ளிகளை மூடியபோது வீட்டு அறைகளிலும் மசூதிகளிலும் தேவாலயங்களிலும் வகுப்பு நடந்தது. பிர்ஸெய்ட் பல்கலைக்கழகம் 1988 ஜனவரியிலிருந்து 1992 வரை மூடிக் கிடந்தது, பாடம் மட்டும் வீடுகளில் ஓடியது. இஸ்ரேலியப் பொருள்களைப் புறக்கணி என்று அறைகூவல் வந்ததும் பெண்கள் கூட்டுறவுகள் ஜாம், ஊறுகாய், பழச்சாறு, ரொட்டி செய்து விற்றன. சிப்பாய் ஒரு பையனை இழுத்துப் போனால் நான்கு பெண்கள் சூழ்ந்துகொண்டு ஒவ்வொருத்தியும் "இவன் என் மகன்" என்று பிடித்து இழுப்பாள். பையன் யார் வீட்டுப் பிள்ளை என்று அவர்களுக்கே தெரியாமல் இருக்கலாம். 1988 ஆகஸ்டில் இந்தத் தெருக் கமிட்டிகள் சட்டவிரோதம் என்று அறிவிக்கப்பட்டன. உறுப்பினராக இருந்தாலே சிறை. இன்ஆஷ் அல் உஸ்ராவையும் அந்த வருஷம் ராணுவம் பூட்டியது. பதிவு செய்த சங்கத்துக்கு நடந்தது அது.

பாலஸ்தீனக் கொடியைத் தடை செய்ததால் பெண்கள் கொடியைத் தைத்தார்கள். உடுப்பின் மார்புப் பக்கத்திலும் ஓரத்திலும் சிவப்பு, பச்சை, கறுப்பு, வெள்ளை நூலில் கொடியும் வரைபடமும். எம்பிராய்டரி பற்றிக் கேள்வி வந்தால் இதைச் சொல். 2021ல் யுனெஸ்கோ தத்ரீஸைப் பட்டியலில் சேர்த்ததை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடாதே.

கசப்பான பகுதியை நீ முழுக்க விட்டுவிட்டாய். 1988ல் காஸாவில் தலையை மூடாத பெண்கள் மேல் வசவும் கல்லும் விழுந்தன. தியாகிகளுக்கு மரியாதை, தேசக் கட்டுப்பாடு என்றெல்லாம் காரணம் சொன்னார்கள். இன்டிபாதாவின் ஒருங்கிணைந்த தலைமை இதைக் கண்டித்து அறிக்கை விட்டது 1989 ஆகஸ்டில்தான், அதற்குள் காரியம் முடிந்திருந்தது. இதற்கு முன்மாதிரி 1938லேயே உண்டு. கிளர்ச்சிக்காரர்கள் நகர ஆண்களைத் தர்பூஷ் தொப்பியைக் கழற்றிவிட்டு, கிராமத்தாரின் கஃபியா தலைத்துண்டைக் கட்டச் சொன்னபோது பெண்களுக்கும் உடைக் கட்டளை வந்தது. 1988 நவம்பர் 15 சுதந்திரப் பிரகடனத்தையும் பக்கத்தில் வைத்துப் படி. ஆணுக்கும் பெண்ணுக்கும் பாகுபாடு இல்லை என்று ஒரு இடத்தில் சொல்கிறது. இன்னொரு இடத்தில் பெண்ணை அணையா விளக்கின் காவலாளியாக வாழ்த்துகிறது. விளக்கைக் காப்பவளுக்கு மேசையில் நாற்காலி உண்டா என்பதுதான் 1990 முதல் பெண்கள் வாய்விட்டுக் கேட்க ஆரம்பித்த கேள்வி.

1991ல் மத்ரித் அமைதி மாநாட்டில் பாலஸ்தீனத் தரப்பின் குரலாக ஹனான் அஷ்ராவி உலகுக்குத் தெரிந்தார். 1993ல் இஸ்ரேலோடு ஒஸ்லோ உடன்பாடு, அதன் வழியே பாலஸ்தீனத் தன்னாட்சி நிர்வாகம். கட்சிகள் அந்த நிர்வாகத்துக்குள் போயின, சந்தா கட்டும் அடிக்குழுக்கள் வாடின. அவற்றின் இடத்தில் சம்பள ஊழியர்களும் வெளிநாட்டு நன்கொடையும் உள்ள அலுவலகங்கள் எழுந்தன. இதை ஒட்டுமொத்தமாகத் திட்டுவது இப்போது பழக்கமாகிவிட்டது, நீயும் திட்டியிருக்கிறாய். பாதிதான் சரி. நன்கொடைத் திட்டம் ஒன்றிரண்டு வருஷத்துக்கு வரும், அறிக்கை நன்கொடையாளருக்குப் போகும், கிராமத்துப் பெண் உறுப்பினர் என்பதிலிருந்து 'பயனாளி' ஆகிவிடுவாள். திட்டம் முடிந்தால் பால்வாடி மூடும். அது குறைதான். ஆனால் வக்கீல் வைத்துச் சட்டத்தோடு மல்லுக்கட்ட அந்த அலுவலகங்களால் முடிந்தது. 1991ல் ஜெருசலேமில் தொடங்கிய பெண்கள் சட்ட உதவி மற்றும் ஆலோசனை மையம் அப்படிப்பட்டது. புதிய நிர்வாகம், மணமான பெண் பாஸ்போர்ட் எடுக்கக் கணவன் சம்மதம் வேண்டும் என்றபோது பெண்கள் அமைப்புகள் சேர்ந்து போராடி அதை எடுக்க வைத்தன. 1998ல் இந்த மையம் 'மாதிரி நாடாளுமன்றம்' நடத்தி, குடும்பச் சட்டத்தில் என்ன மாற வேண்டும் என்று வெளிப்படையாக விவாதித்தது. மசூதி மேடைகளிலிருந்து பலத்த எதிர்ப்பு வந்தது. தெருவில் ஆள் திரட்டும் பழக்கம் விட்டுப்போனதன் விலை அங்கேதான் தெரிந்தது.

சட்டம் ஏன் இத்தனை சிக்கல் என்று உன் நண்பர்கள் கேட்பார்கள். பாலஸ்தீனப் பெண்களுக்கு ஒரே சட்டம் கிடையாது. மேற்குக் கரையில் முஸ்லிம்களுக்கு 1976 ஜோர்டானியச் சட்டம், காஸாவில் எகிப்தியர் காலத்து 1954 சட்டம், கிறிஸ்தவர்களுக்கு அவரவர் திருச்சபை நீதிமன்றம், இஸ்ரேலுக்குள் வாழ்பவர்களுக்கு வேறு ஏற்பாடு. ஹைஃபா, நாசரேத் பக்கத்துப் பெண்கள் அமைப்புகள் பாடுபட்டு, குடும்ப வழக்குகள் பலவற்றை மத நீதிமன்றத்தை விட்டுப் பொது நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகும் உரிமையை 2001ல் வாங்கின. ராமல்லாவில் இருப்பவளுக்கு அந்த வழியே இல்லை.

பெண்களுக்கான இட ஒதுக்கீடு பற்றி எழுதியதில் கணக்குத் தவறு. பாலஸ்தீனச் சட்டமன்றத்தில் 1996ல் 88 இடங்களில் 5 பெண்கள். அந்த வருஷம் அராஃபத்தை எதிர்த்து அதிபர் தேர்தலில் நின்ற ஒரே வேட்பாளர் உம்மு கலீல்தான். 2006ல் 132 இடங்களில் 17 பெண்கள். 132ல் 66 தொகுதி இடம், 66 கட்சிப் பட்டியல் இடம். பட்டியலுக்கு விதி இது: முதல் மூன்று பெயருக்குள் ஒரு பெண், அடுத்த நான்குக்குள் ஒருத்தி, அதன்பின் ஒவ்வொரு ஐந்துக்கும் ஒருத்தி. தொகுதிக்கு எந்த விதியும் இல்லை, தொகுதியில் ஒரு பெண்கூட ஜெயிக்கவில்லை. பதினேழு பேரும் பட்டியல் வழி வந்தவர்கள். ஓட்டை எங்கே இருக்கிறது பார்: பெண்ணை மூன்றாவதாக வைத்துவிட்டுக் கட்சி இரண்டு இடம் மட்டும் வாங்கினால் அவள் வெளியே. மூன்றாம் வழிக் கட்சி இரண்டே இடம் வாங்கியது, இரண்டாவதாக இருந்ததால் ஹனான் அஷ்ராவி உள்ளே வந்தார். மக்கள் முன்னணியின் பட்டியல் மூன்று இடம் வாங்கியதால் காலிதா ஜர்ரார் வந்தார். ஜனநாயக முன்னணியும் பழைய கம்யூனிஸ்டுகளும் ஃபிதா என்ற சிறு கட்சியும் சேர்ந்த 'மாற்று' அணிக்கு இரண்டு இடம், இரண்டும் ஆண்கள். 1978லும் அதன் பிறகும் முதல் பெண்கள் குழுக்களைக் கட்டிய கட்சிகள் இவைதான்! இதைச் சொல்லிவிட்டு ஒரு நிமிஷம் பேசாமல் இரு.

இஸ்லாமிய இயக்கமான ஹமாஸின் பட்டியலிலும் 6 பெண்கள் வந்தார்கள். பெண்கள் அரசியல் என்றால் மதச்சார்பற்றவர்கள் மட்டும்தான் என்று உன் குறிப்பு எடுத்துக்கொள்கிறது. 2006 நவம்பரில் காஸாவின் பெய்த் ஹனூனில் மசூதிக்குள் ராணுவம் முற்றுகையிட்டிருந்த ஆட்களை மீட்க நூற்றுக்கணக்கான பெண்கள் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே நடந்து போனார்கள். முன்னால் நின்றவர் அந்தப் பட்டியலில் வந்த ஜமீலா அல் ஷன்தி. ஒத்துப்போகிறாயோ இல்லையோ, கணக்கில் சேர்க்க வேண்டும்.

2007ல் ஃபத்தாவும் ஹமாஸும் பிரிந்ததும் சட்டமன்றம் முடங்கியது. அதன்பின் மேற்குக் கரையில் சட்டம் என்றால் அதிபர் ஆணை. 2014ல் பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையில் எந்த விலக்கும் கேட்காமல் சேர்ந்தார்கள். 2018ல், பாலியல் வல்லுறவு செய்தவன் அந்தப் பெண்ணையே மணந்தால் தப்பிக்கலாம் என்ற 308ஆம் பிரிவு ரத்தானது. 2019ல் திருமண வயது இருபாலருக்கும் 18 ஆனது, விதிவிலக்கோடு. ஆணை சீக்கிரம் வரும், ஆனால் வேர் பிடிக்காது. அதே 2019 டிசம்பரில் ஹெப்ரானில் குலத் தலைவர்கள் கூடி அந்த உடன்படிக்கையிலிருந்து விலகு, பெண்கள் அமைப்புகளை மூடு என்றார்கள். குடும்பப் பாதுகாப்புச் சட்டம் பல வருஷமாக வரைவாகவே கிடக்கிறது. வாக்கெடுப்பு நடந்த சபை இருந்தால் "உங்கள் பிரதிநிதிகள்தானே நிறைவேற்றினார்கள்" என்று திருப்பிக் கேட்கலாம். ஆணைக்கு அந்தப் பதில் இல்லை.

அந்த வருஷம் ஆகஸ்டில் பெய்த் சாஹூரில் ஒரு இளம்பெண் குடும்பத்தார் அடித்ததில் இறந்தாள் என்ற செய்தி பரவியது. செப்டம்பர் 26 அன்று 'தல்ஆத்' என்ற பெயரில் ராமல்லா, ஹைஃபா, ரஃபா, பெய்ரூத் என்று ஒரே நாளில் பெண்கள் இறங்கினார்கள். வெளியே வருகிறவர்கள் என்று பொருள். பெண் விடுதலை இல்லாமல் தாயக விடுதலை இல்லை என்பது முழக்கம். கட்சியும் நன்கொடையும் இல்லை. நான்கு துண்டாகக் கிடக்கும் மக்களை ஒரே கோரிக்கையில் சேர்த்தது அதன் பலம். அடிக்குழு இல்லாமல் கூட்டம் கலைந்த மறுநாள் என்ன செய்வது என்பது அதன் சிக்கல்.

2021 அக்டோபரில் இஸ்ரேல் ஆறு பாலஸ்தீன அமைப்புகளைப் பயங்கரவாத அமைப்புகள் என்று அறிவித்ததில் பாலஸ்தீனப் பெண்கள் குழுக்களின் சங்கமும் ஒன்று. 1980களின் நான்கு குழுக்களில் மக்கள் முன்னணி பக்கத்தது. 2022 ஆகஸ்டில் ராணுவம் அலுவலகங்களுக்குள் புகுந்து பொருள்களை அள்ளி, கதவை அடைத்துவிட்டுப் போனது. 2023 அக்டோபருக்குப் பின் காஸாவின் மக்கள் பெரும்பாலோர் இடம்பெயர்ந்து, பொதுச் சமையலும் கூடார வகுப்பும் திரும்ப வந்திருக்கின்றன. 1948ன் வேலைப் பட்டியல்.

நேரப் பங்கீடு: 1929க்கு இருபது நிமிஷம், 1978 முதல் 1990 வரை நாற்பது, சட்டத்துக்கும் ஒதுக்கீட்டுக்கும் முப்பது, மீதி கேள்விக்கு. சுவரில் ஒரு வரைபடம் மாட்டு. மேற்குக் கரை, காஸா, ஜெருசலேம், இஸ்ரேல் என்று நான்கையும் வேறு வேறு நிறத்தில் தீட்டி, ஒவ்வொன்றிலும் எந்தத் திருமணச் சட்டம் என்று எழுதிவிடு, பாதிக் கேள்வி குறையும். பட்டியல் விதியைப் பலகையில் 1 முதல் 12 வரை எண் போட்டுக் காட்டு, பெண் இடத்தை 3, 7, 12 என்று வட்டமிடு. திருத்திய குறிப்பை அனுப்பு, பெயர்களின் எழுத்தைச் சரிபார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
அம்மா